மாட்டிக்கொண்டவர்களின் சரித்திரம்

இருட்டுக் குகை. எதிரே ஒரு டிராகன், வழியை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. உங்கள் கையில் ஒரு கோடாலி. வீசிப் பார்த்தாயிற்று. அதன் தோலில் பட்டுத் தெறித்து விழுந்ததுதான் மிச்சம். என்ன செய்வீர்கள்?

'டிராகனைக் கொல்' என்று கீ-போர்டில் அடிக்கிறீர்கள். எதை வைத்துக் கொல்வதாக உத்தேசம், வெறும் கையாலா என்று கம்ப்யூட்டர் நக்கலடிக்கிறது. நீங்கள் நொந்துபோய் வேறு வழி தேடப் போய்விடுகிறீர்கள். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். ம்ஹூம்!

விடை என்ன தெரியுமா? கம்ப்யூட்டர் கேட்டது நக்கல் அல்ல, நிஜமான கேள்வி. 'ஆமாம்' என்று பதில் அடித்தால் போதும். வெறும் கையாலேயே டிராகனைக் கொன்றுவிடலாம்!

இந்த டிராகன் வாழ்ந்த விளையாட்டின் பெயர் 'அட்வெஞ்சர்'. 'கொலோசல் கேவ்' என்றும் சொல்வார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கப் பல்லாயிரம் கோடி டாலர் புரளும் கம்ப்யூட்டர் விளையாட்டுத் தொழிலில், 'புதிர் போட்டுக் கதை சொல்லும்' வகையறாவுக்கெல்லாம் இதுதான் கொள்ளுத்தாத்தா. அதில் சுட மாட்டார்கள், ஓட மாட்டார்கள். யோசிப்பார்கள். யோசித்து, யோசித்து, மாட்டிக்கொள்வார்கள்.

மாட்டிக்கொள்வதற்கு ஒரு சரித்திரமா என்று கேட்கலாம். இருக்கிறது. ராஜாக்கள் சரித்திரத்தைவிட சுவாரஸ்யமான சரித்திரம்.

*

வில் க்ரௌதர் என்று ஒரு அமெரிக்கர். பாஸ்டன் பக்கத்தில் பி.பி.என். என்ற கம்பெனியில் ப்ரோகிராமர். இன்றைய இன்டர்நெட்டின் பாட்டியான 'அர்ப்பாநெட்' உருவானபோது அதற்கு ப்ரோகிராம் எழுதியவர்களில் ஒருவர். லீவு கிடைத்தால் போதும், கென்டக்கி மாகாணத்தில் இருக்கும் 'மாமத்' குகைக்குள் புகுந்துவிடுவார். அவர் மனைவி பாட், அவரைவிடக் கில்லாடி. தனித்தனி என்று நினைத்திருந்த இரண்டு பெரிய குகைத் தொடர்கள் உள்ளுக்குள்ளே ஒன்றோடொன்று சேர்கின்றன என்று 1972-ல் கண்டுபிடித்த குழுவில் இருந்தவர். குகையை அளந்து, வரைபடம் போடுவது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பொழுதுபோக்கு.

அப்புறம் விவாகரத்து. இரண்டு மகள்கள். அவர்கள் தன்னிடம் வந்து தங்கும்போது விளையாட ஏதாவது வேண்டும். 1975, 76 வாக்கில் க்ரௌதர் தன் குகையையே கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார். படம் கிடையாது, சத்தம் கிடையாது. வெறும் எழுத்து. 'நீங்கள் இன்ன இடத்தில் நிற்கிறீர்கள்' என்று திரை சொல்லும். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று நீங்கள் அடிக்க வேண்டும்.

அந்த ப்ரோகிராம் எப்படியோ கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகத் தாவி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டான் வுட்ஸ் என்ற மாணவர் கையில் சிக்கியது. அதை இன்னும் பெரிதாக்க அவருக்கு ஆசை. எழுதியவரிடம் அனுமதி கேட்க வேண்டுமே? க்ரௌதர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அன்றைக்கு நெட்வொர்க்கில் இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 'க்ரௌதர்' என்று பெயர் போட்டு ஈமெயில் அனுப்பினார். ஊர் தெரியாத ஆளுக்கு ஊர் ஊராகக் கடிதம் போட்ட மாதிரி. பதில் வந்தது!

1977-ல் வுட்ஸின் பெரிய 'அட்வெஞ்சர்' வெளியானது. மொத்தம் 350 மார்க். கம்ப்யூட்டர் இருந்த ஆபீஸ்களில் எல்லாம் வேலை கெட்டது. இந்த விளையாட்டு மட்டும் வராமல் இருந்திருந்தால் கம்ப்யூட்டர் தொழில் இரண்டு வாரம் முன்னேறியிருக்கும் என்று அந்தக் காலத்தில் ஒரு ஜோக் உண்டு. 349 மார்க் வரை வாங்கிவிட்டு, கடைசி ஒரே ஒரு மார்க் எங்கே என்று தெரியாமல் மண்டை காய்ந்தவர்கள் ஏராளம். குகைக்குள் கிடைக்கும் ஒரு பத்திரிகையைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் போட்டுவிட்டு வர வேண்டும். அதற்குத்தான் அந்த ஒரு மார்க். ஏன் போட வேண்டும்? அதற்கெல்லாம் காரணம் கேட்கக் கூடாது.

*

அந்தக் குகைக்குள் ஒரு வழிசுற்று இருந்தது. எல்லா அறையும் ஒரே மாதிரி. எங்கே திரும்பினாலும் அதே வர்ணனை. வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் பழைய இடத்துக்கு வரமாட்டீர்கள். பைத்தியம் பிடிக்கும்.

தப்பிக்க ஒரே வழி, கையில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கீழே போடுவது. ஒரு அறையில் சாவி, அடுத்ததில் புட்டி, அதற்கடுத்ததில் கூண்டு. இப்போது 'சாவி கிடக்கிற அறை', 'கூண்டு கிடக்கிற அறை' என்று அடையாளம் வந்துவிட்டது. ஒரு தாளில் வட்டம் போட்டு, கோடு இழுத்து, மெதுவாக மேப் வரைந்துவிடலாம்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் ஞாபகம்தான் வந்தது. எங்கள் ஊர் முட்டம். கன்னியாகுமரி மாவட்டம். பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை'யையும் 'கடலோரக் கவிதைக'ளையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பாறைகள் நன்றாகவே தெரியும். கேமராவுக்குத் தெரியாத பாறைகளும் உண்டு. அவை கடலுக்கு அடியில் இருக்கின்றன.

கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். பார் இருக்கும் இடத்தில் மீன் சேரும். ஆனால் மேலே பார்த்தால் எங்கும் ஒரே தண்ணீர். எல்லா அறையும் ஒரே மாதிரி இருக்கிற வழிசுற்றுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இதில் கீழே எதையும் போட்டு வைக்கவும் முடியாது. அடித்துக்கொண்டு போய்விடும்.

எங்கள் கரையோரத்துப் பெரியவர்கள் இந்தப் புதிரை எப்போதோ உடைத்துவிட்டார்கள். கடலிலிருந்து கரையைத் திரும்பிப் பார்ப்பார்கள். தூரத்து மலை உச்சி ஒன்று. அதற்கு நேராக வரும்படி கரையோரத்தில் ஒரு கோபுரமோ கலங்கரை விளக்கமோ. அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் இன்னொரு மலை, அதற்கு நேராக இன்னொரு அடையாளம். அது இரண்டாவது கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்துக்கு நேர் கீழே, பார்! பள்ளிக்கூடத்தில் பிறகு சொல்லிக்கொடுத்த ஜியோமிதி அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு அப்பன் மகனுக்குச் சொல்வது. பக்கத்து வள்ளக்காரருக்குச் சொல்வதில்லை. ஏனென்றால் அந்த விடையில் சோறு இருக்கிறது. வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை.

அமெரிக்காக்காரன் அதே மாட்டிக்கொள்ளுதலை, உயிர்பயத்தைக் கழித்துவிட்டு, பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தான். கடலில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது. விளையாட்டில் மாட்டிக்கொள்ளத்தான் காசு கொடுக்கிறோம். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

புதிர் போடுகிறவனுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. விடையை அவன் தன் வீட்டுக்குள்ளேயே ஒளித்துவைத்துக்கொள்வான்.

1984-ல் 'கிங்ஸ் க்வெஸ்ட்' என்று ஒரு விளையாட்டு வந்தது. எழுதியவர் ராபர்ட்டா வில்லியம்ஸ். 'அட்வெஞ்சர்' பைத்தியம் பிடித்து, நாமே ஒன்று செய்தால் என்ன என்று கணவர் கென்னோடு சேர்ந்து கம்பெனியே ஆரம்பித்தவர். பின்னாளில் 'சியரா' என்று கொடிகட்டிப் பறந்த கம்பெனி. வெறும் எழுத்தாக இருந்த இந்த வகை விளையாட்டுக்கு 1980-ல் படம் போட்ட பெருமையும் இவர்களுக்குத்தான்.

அந்த 'கிங்ஸ் க்வெஸ்ட்'டில் ஒரு குள்ளன். அவன் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும். வேறோர் இடத்தில் ஒரு சீட்டு கிடைக்கும். சில சமயம் தலைகீழாக யோசிப்பது நல்லது என்பது அதன் சாரம். ஐரோப்பியக் குழந்தைகள் எல்லோருக்கும் 'ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின்' என்ற குள்ளன் கதை தெரியும். பாட்டி சொல்லியிருப்பாள். சரி, அந்தப் பெயரைத் தலைகீழாக எழுதினால் போதுமா? போதாது! ஆங்கில எழுத்து வரிசையையே தலைகீழாக்கி, 'ஏ'வுக்கு 'இசட்', 'பி'க்கு 'ஒய்' என்று ஒவ்வொரு எழுத்தாக மாற்றி எழுத வேண்டும். வாயில் நுழையாத அந்தப் பெயரை அமெரிக்கர்களே கண்டுபிடிக்க முடியாமல் தவித்தார்கள். பாட்டியிடம் வேறு கதை கேட்டு வளர்ந்தவர்களின் கதி?

'ஸோர்க்' என்ற புகழ்பெற்ற விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் இன்னொரு கொடுமை. 1981-ல் வந்தது. கோணல்மாணலான அறைகள். எப்படிச் சுற்றினாலும் வெளியே வரமுடியாது. விடை, பேஸ்பால் மைதானம். ஆட்டக்காரன் பந்தை அடித்துவிட்டு மூலை மூலையாக எந்த வரிசையில் ஓடுவானோ, அந்த வரிசையில் நடக்க வேண்டும். பேஸ்பால் பார்த்தே இராதவன் யுகம் யுகமாகச் சுற்ற வேண்டியதுதான்.

1991-ல் 'மங்கி ஐலண்ட்'டின் இரண்டாம் பாகம். ரான் கில்பர்ட் செய்தது. ஓரிடத்தில் இறுகிப்போன ஒரு குழாய்த் திருகைத் திருப்ப வேண்டும். அதற்கு, பியானோ வாசிக்கும் ஒரு குரங்கை மயக்கி, விறைத்துப்போன அந்தக் குரங்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அதையே ரெஞ்சாக மாட்டித் திருக வேண்டும். குரங்கை வைத்துக் குழாயைத் திருகுவதா? அமெரிக்காவில் ஒருவகை ரெஞ்சுக்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர். அதுதான் சூட்சுமம். இங்கிலாந்திலேயே பல பேர் மாட்டிக்கொண்டார்கள். நம்மூர் பிளம்பர், 'பைப் ரெஞ்ச்' என்று கேட்டு வாங்குகிறவர், குரங்கைத் தேடிப் போவாரா?

இப்போது இதையே திருப்பிப் போடுங்கள். ஒரு விளையாட்டு உங்களிடம், 'வேதாளத்தைத் தேடிக் கண்டுபிடி' என்கிறது. காட்டில் ஆயிரம் மரங்கள். நீங்கள் நேரே எங்கே போவீர்கள்? முருங்கை மரத்துக்கு! யோசிக்கவே மாட்டீர்கள். அமெரிக்காக்காரன் அங்கேயே நாலு நாள் நிற்பான்.

புத்திசாலித்தனம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, எந்தப் பாட்டியிடம் கதை கேட்டோம் என்பதுதான்.

*

மாட்டிக்கொள்கிறவன் ஒருவன் இருந்தால், அவனை வைத்துச் சம்பாதிக்கிறவன் ஒருவன் இருப்பான். நான் காமர்ஸ் படித்தவன். இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

'ஸோர்க்'கை எழுதியவர்கள் எம்.ஐ.டி. ஆட்கள் நாலு பேர். அவர்களில் சிலரும் சகாக்களும் சேர்ந்து 1979-ல் 'இன்ஃபோகாம்' கம்பெனியைத் தொடங்கினார்கள். விளையாட்டு விற்க விற்க, கூடவே கடிதங்கள் குவிந்தன. 'ஐயா, இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன், காப்பாற்றுங்கள்!' இவற்றுக்குப் பதில் போட ஆரம்பித்தவர் மைக் டோர்ன்ப்ரூக் என்ற நண்பர். பதில் எழுதி மாளவில்லை. அவர் மூளையில் பல்பு எரிந்தது.

'இன்விசிக்ளூஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சடித்த விடைப் புத்தகம்! கேள்வி மட்டும் தெரியும். கீழே காலிக் கட்டங்கள். கூடவே தரும் பேனாவால் முதல் கட்டத்தின் மேல் தேய்த்தால் லேசான ஒரு துப்பு தெரியும். போதவில்லையா? இரண்டாவது கட்டம். இன்னும் கொஞ்சம் பச்சையாக. கடைசிக் கட்டத்தில் முழு விடை.

இதில் ஒரு குசும்பு. கேள்விகளைப் படித்தே கதையை ஊகித்துவிடக் கூடாதே என்று, விளையாட்டில் இல்லாத சமாசாரங்களைப் பற்றியும் நடுநடுவே பொய்க் கேள்விகள் வைத்திருந்தார்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் திட்டு கிடைக்கும். புத்தகம் சக்கைப்போடு போட்டது.

மனித சுபாவத்தை எவ்வளவு துல்லியமாகப் படித்திருக்கிறார்கள், பாருங்கள். மாட்டிக்கொண்டவனுக்கு விடை வேண்டியதில்லை. 'கொஞ்சூண்டு' துப்பு வேண்டும். மிச்சத்தைத் தானே கண்டுபிடித்த மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டும்.

1984-ல் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸுடன் சேர்ந்து இன்ஃபோகாம் ஒரு விளையாட்டு செய்தது. 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு'. அதில் ஒரு மீனைப் பிடிக்க வேண்டும். மிஷினில் பட்டனை அழுத்தினால் மீன் பாய்ந்து வந்து சுவரில் ஒரு ஓட்டைக்குள் போய்விடும். ஓட்டையை அடைத்தால் கீழே சாக்கடைக் கம்பிக்குள். அதையும் அடைத்தால் ஒரு ரோபோ வந்து பெருக்கிக்கொண்டு போகும். இப்படியே போகும். கடைசியில் இன்ஃபோகாம் ஒரு டி-ஷர்ட் விற்றது. 'நான் மீனைப் பிடித்துவிட்டேன்' என்று நெஞ்சில் எழுதிய டி-ஷர்ட். வலியையும் விற்று, வலி தீர்ந்த பெருமையையும் விற்ற கம்பெனி!

சியராவும், ஜார்ஜ் லூகாஸின் லூகாஸ் ஆர்ட்ஸும் போன் லைனே வைத்தன. போன் செய்தால் துப்பு. நிமிஷக் கணக்கில் காசு. இதில்தான் எனக்கு லேசாக இடிக்கிறது.

ஏனென்றால் 1990-ல் வந்த 'கிங்ஸ் க்வெஸ்ட்' ஐந்தாம் பாகத்தில், ஒரு பூனை ஒரு எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். சில நொடிதான். அந்த நொடியில் பூனை மேல் எதையாவது வீசி எலியைக் காப்பாற்றியிருக்க வேண்டும். விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. ஜாலியாக விளையாடிக்கொண்டே போகலாம். ரொம்ப நேரம் கழித்து உங்களை ஒரு நிலவறையில் கட்டிப்போடுவார்கள். அந்த எலி வந்து கயிற்றைக் கடித்தால்தான் விடுதலை. எலி ஏற்கெனவே பூனை வயிற்றில். அவ்வளவுதான், கதை முடிந்தது.

கணக்கு எழுதியவர்களுக்கு இந்த வலி புரியும். ஏப்ரலில் ஒரு என்ட்ரியின் ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போயிருக்கும். மார்ச் கடைசியில் ட்ரையல் பேலன்ஸ் இடிக்கும். எங்கே தப்பு என்று தெரியாது. கணக்கிலாவது 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒன்றைத் திறந்து ஒப்பேற்றலாம். இதில் ஆரம்பத்திலிருந்து ஆட வேண்டும்.

மேலே குரங்கு ரெஞ்ச் செய்தாரே ரான் கில்பர்ட், அவர் 1989-லேயே இந்த அநியாயத்துக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டக்காரனைத் தெரியாமலே முட்டுச்சந்தில் விடுவது புதிர் அல்ல, மோசடி என்பது அவர் கட்சி. மாட்டிக்கொள்வது வேறு, மாட்டிவிடப்படுவது வேறு. இதைப் புரிந்துகொண்டு விளையாட்டு செய்தவர்கள்தான் நிலைத்தார்கள்.

*

சரி, இதெல்லாம் அமெரிக்கா. நம்மூரில்?

புத்தகம் வராது. போன் லைனுக்கு ஐ.எஸ்.டி. போட்டால் பூத்தில் மீட்டர் ஓடுகிற ஓட்டத்தில் மாரடைப்பு வரும். தொண்ணூறுகளின் கடைசியில், நான் பி.காம். படித்துக்கொண்டிருந்த காலத்தில், முட்டத்திலிருந்து பஸ் பிடித்து நாகர்கோவிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவேன். டாஸ், வேர்ட்ஸ்டார், ஃபாக்ஸ்ப்ரோ கற்றுக்கொடுப்பார்கள். சார் டீ குடிக்கப் போனால் ஃப்ளாப்பியிலிருந்து 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' வெளியே வரும்.

கறாராகச் சொன்னால் அது ஓடிக் குதிக்கிற விளையாட்டு. ஆனால் உள்ளே புதிர்கள். முதல் மாடி தாண்டியதும் ஒரு அறை. நிறைய புட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு எழுத்து. கையேட்டில் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது வார்த்தையின் முதல் எழுத்து எதுவோ, அந்தப் புட்டியைக் குடி என்று கேட்கும். காசு கொடுத்து வாங்கியவனிடம் கையேடு இருக்கும். காப்பியடித்தவனிடம் இருக்காது. திருடனைப் பிடிக்க வைத்த பூட்டு அது. எங்களிடம் எங்கே கையேடு? எந்தக் கேள்விக்கு எந்த எழுத்து என்று ஒவ்வொருத்தனும் செத்துச் செத்துக் கண்டுபிடித்து, ஒரு அக்கவுன்ட்ஸ் நோட்டில் எழுதி வைத்தோம். பேட்ச் பேட்சாக அந்த நோட்டு கைமாறியது.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு புதிர். இளவரசனின் நிழல் எதிரே வந்து நிற்கும். வாளை உருவும். நீங்கள் வெட்டினால் உங்களுக்கே அடி விழும். அவனைக் கொன்றால் நீங்களும் காலி. எத்தனை பேர் எத்தனை நாள் அங்கே செத்திருப்போம்! ஒரு நாள் பின்னாலிருந்து ஒரு குரல்: "லேய் மக்கா, வாள உள்ள போடுல!" வாளை உறையில் போட்டேன். நிழலும் போட்டது. இரண்டும் எதிரெதிரே நடந்து வந்து ஒன்றாகக் கலந்துவிட்டன. சண்டை போடாமல் இருப்பதுதான் விடை.

பல வருடங்கள் கழித்துத்தான் இதன் பின்கதை தெரிந்தது. விளையாட்டைச் செய்த ஜோர்டான் மெக்னர், தன் தம்பி டேவிட்டை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து இளவரசனை வரைந்தவர். அவரும் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டார்! ஆப்பிள் கம்ப்யூட்டரில் மெமரி கொஞ்சம்தான். எல்லாம் இளவரசனுக்கே தீர்ந்துபோயிற்று. எதிரி என்று இன்னொரு ஆளை வரைய இடமில்லை. எதிரி இல்லாமல் ஆட்டம் சப்பென்று இருக்கிறது, சண்டை வேண்டும் என்று டோமி பியர்ஸ் என்ற தோழி நச்சரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மெக்னருக்குப் பொறி தட்டியது. இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி தள்ளி அதன் மேலேயே பதித்தால்? பளபளவென்று ஒரு நிழலுருவம்! கூடுதல் மெமரி தேவையில்லை. 1989-ல் விளையாட்டு வெளிவந்தபோது எல்லோரும் கொண்டாடிய அந்த நிழல், முட்டுச்சந்தில் பிறந்த பிள்ளை.

*

1993-ல் 'மிஸ்ட்' வந்தது. ராண்ட், ராபின் மில்லர் என்று அண்ணன் தம்பி. ஆளில்லாத ஒரு தீவு. எதிரி இல்லை, சாவு இல்லை, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவும் ஆளில்லை. பெட்டிக்குள் சி.டி.யோடு ஒரு வெற்று நோட்டுப் புத்தகம் வைத்துக் கொடுத்தார்கள். குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள் என்று! ஓரிடத்தில் பாதாள ரயில் வழிசுற்று. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சத்தம் கேட்கும். எந்தச் சத்தத்துக்கு எந்தத் திசை என்பதை வேறொரு உலகத்தில் கேட்டு மனதில் வைத்திருக்க வேண்டும். கவனிக்காதவன் ரயிலிலேயே குடும்பம் நடத்த வேண்டியதுதான். 60 லட்சத்துக்கும் மேல் விற்றது. 2002 வரை கம்ப்யூட்டர் விளையாட்டு விற்பனையில் அதுதான் நம்பர் ஒன்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அதே வருடம் நவம்பரில் ஜெஃப் வீசி என்ற அமெரிக்கர் 'கேம்ஃபேக்ஸ்' என்ற தளத்தை ஆரம்பித்தார். விளையாடி முடித்தவர்கள் விடைகளை எழுதிப் போடலாம். யாரும் படிக்கலாம், இலவசமாக. கண்ணுக்குத் தெரியாத மையும் தேவையில்லை, பேனாவும் தேவையில்லை. பிரவுசிங் சென்டர்கள் வந்தபோது எங்கள் அக்கவுன்ட்ஸ் நோட்டும் ரிட்டையர் ஆனது.

இன்றைக்குக் கேட்கவே வேண்டாம். செல்போனில் கேட்டால் மூன்று நொடியில் விடை. முட்டத்து வள்ளங்களிலும் ஜி.பி.எஸ். வந்துவிட்டது. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். கடலில் வழி தெரிவது வரம். ஆனால் விளையாட்டில் மூன்று நொடியில் வழி தெரிந்தால், வாங்கிய சரக்கைப் பிரிக்காமலே கடலில் போட்ட மாதிரி. காசு கொடுத்ததே மாட்டிக்கொள்ளத்தானே?

*

நம் பாட்டியின் கதை தெரிந்தால்தான் விடை தெரியும் என்ற விளையாட்டு வரவே வராதா? வந்துவிட்டது.

2023-ல் கனடாவிலிருந்து 'வெண்பா' வந்தது. டொரன்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' செய்தது. இயக்கியவர் அபி என்ற தமிழர். 1988-ல் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின். புதிர் என்ன தெரியுமா? சமையல்! வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை நீங்கள் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும்? அதுதான் முதல் புதிர்.

அடுத்து புட்டு. எங்கள் நாஞ்சில் நாட்டில் புட்டுக் குழாய் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். முதலில் சில்லு, பிறகு தேங்காய்த் துருவல், பிறகு மாவு, மறுபடி துருவல். ஆறு வயசுப் பிள்ளை தூக்கத்தில் சொல்லும். பேஸ்பாலிலும் குரங்கு ரெஞ்சிலும் எங்களைத் தவிக்கவிட்ட ஊர்க்காரர்கள், இப்போது புட்டுக் குழாயை வைத்துக்கொண்டு முழித்தார்கள்! 2024-ல் அந்த விளையாட்டுக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது, சிறந்த முதல் படைப்பு என்று கிடைத்தது. தனியார் படைப்பாளிகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் முதல் பரிசும் அதற்கே.

அதில் என்னைத் தைத்த இடம் ஒன்று உண்டு. மகன் கவின் வளர்ந்து அந்தப் புத்தகத்தைத் திறக்கிறான். அவனுக்குத் தமிழ் சரியாகப் படிக்க வராது. அம்மா சுலபமாகத் தாண்டிய வரியில் அவன் மாட்டிக்கொள்கிறான். அழிந்துபோனது புத்தகத்து மை மட்டும் அல்ல. துப்பு கேட்க வேண்டுமென்றால் அவன் போன் செய்ய வேண்டிய ஒரே ஹின்ட் லைன், அம்மா.

*

வேதாளத்திடம் திரும்பிப் போவோம். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் 'கதாசரித் சாகர'த்தில் எழுதி வைத்த கதை. நாம் அம்புலிமாமாவில் படித்த கதை. ராஜா வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். அது ஒரு கதை சொல்லிப் புதிர் போடுகிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து, வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும்.

கவனித்தீர்களா? ஒவ்வொரு முறையும் ராஜா சரியாகத்தான் விடை சொல்கிறான். ஆனாலும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

கடைசிக் கதை. அப்பாவும் மகனும் வழியில் அம்மாவையும் மகளையும் சந்திக்கிறார்கள். காலடித் தடத்தைப் பார்த்துப் பேசிவைத்தபடி, அப்பா மகளையும், மகன் அம்மாவையும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இரண்டு ஜோடிக்கும் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜா யோசிக்கிறான், யோசிக்கிறான். தெரியவில்லை. வாய் திறக்காமல் நடக்கிறான். மாட்டிக்கொண்டான்.

அப்போதுதான் வேதாளம் சந்தோஷப்பட்டு அவனுக்கு ஒரு துப்பு கொடுக்கிறது. 'உன்னை அனுப்பிய சாமியார் உன்னைப் பலியிடப் போகிறான். விழுந்து கும்பிடச் சொல்வான். நான் ராஜா, எனக்குக் கும்பிட்டுப் பழக்கமில்லை, நீ செய்து காட்டு என்று சொல். அவன் குனிந்ததும் வெட்டு.' அந்தத் துப்பில்தான் ராஜாவின் உயிர் பிழைத்தது.

இருபத்துச் சொச்சம் விடைகளுக்குக் கிடைக்காத உதவி, தெரியாமல் விழித்த அந்த ஒரு நிமிஷத்துக்குக் கிடைத்தது. டோர்ன்ப்ரூக்கின் புத்தகம், நாகர்கோவில் அக்கவுன்ட்ஸ் நோட்டு, கவினின் அம்மா, எல்லாம் அந்த வேதாளத்தின் வாரிசுகள்தான். துப்பு எப்போதும் யாரோ ஒருவரிடம் இருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரமாவது மாட்டிக்கொண்டு நிற்கிறவனிடம்தான் அது வந்து சேரும்.